நாள்தோறும் நடந்தும் சோபாவிலிருந்து எழத் திணறும் அப்பாவுக்கு

நடைப்பயிற்சியை நிறுத்த வேண்டாம். ஆனால் அது மட்டும் போதாது. காலையில் முக்கால் மணி நேரம் நடக்கும் உங்கள் 72 வயது அப்பா, தாழ்வான சோபாவிலிருந்து எழத் திணறுவதற்குத் தொடைத் தசை வலுவிழந்திருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். சமதரையில் நடப்பது இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் மிக நல்லது என்றாலும், உடல் எடையைத் தாழ்விலிருந்து மேலே தூக்கும் வேலையைத் தொடைக்குத் தருவதில்லை. 65 வயதைக் கடந்தவர்கள் வாரம் 2 நாளேனும் தசைவலுப் பயிற்சியும் 3 நாளேனும் சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கூறுகிறது.

1. சுவரை ஒட்டிப் போட்ட நேரான நாற்காலியில் அவரை அமர்த்தி, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுமையாக எழுகிறார் என்று எண்ணுங்கள்; அருகிலேயே நில்லுங்கள். அவர் வயது ஆண்களுக்கு 12க்குக் குறைந்தால் கால்வலு போதவில்லை என்று கொள்ளலாம்.

2. அந்தச் சோதனையையே பயிற்சியாக்குங்கள்: ஒரு நாள் விட்டு ஒரு நாள், 8 முதல் 10 முறை. கையூன்றாமல் எழவே முடியாவிட்டால், மடித்த கெட்டியான போர்வையை நழுவாதபடி இருக்கையில் விரித்து உயரத்தைக் கூட்டுங்கள். உட்காரும்போது பொத்தென்று விழாமல், மூன்று எண்ணும் வரை மெல்ல இறங்கச் சொல்லுங்கள். பலரும் கவனிக்காமல் விடும் இடம் இதுதான்.

இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவராக இருந்தால் எழுந்ததும் தலைசுற்றல் வருகிறதா என்று பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தாலோ, பலவீனம் திடீரென்றோ ஒரு காலில் மட்டுமோ தோன்றியிருந்தாலோ, பயிற்சியைத் தொடங்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.