மாடியில் க்விஸ், கீழே ராத்திரி ஷிஃப்ட்

கேள்வி: லண்டன் ஹரோ பக்கம் ஒரு சரக்குப் போக்குவரத்து கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். மொத்தம் 140 பேர். கறுப்பினத்தவர் 11 பேர். அதில் 10 பேர் கிடங்கிலும் லாரியிலும், அலுவலகத்தில் ஒருவர்தான். அக்டோபர் மாதக் கறுப்பின வரலாற்று மாதத்துக்கு "ஏதாவது செய்யுங்கள்" என்று மேனேஜர் 600 பவுண்டு ஒதுக்கி என் தலையில் கட்டிவிட்டார். போன வருஷம் மாடி கேன்டீனில் மதியம் ஜெர்க் சிக்கன் என்கிற ஜமைக்கா காரக் கோழி, அவர்களுடைய ரெக்கே பாட்டு, ஒரு க்விஸ் வைத்தோம். கிடங்கிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. மறுநாள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒருவர், "எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா?" என்றார். எனக்கு முகமே செத்துப்போனது. நான் தமிழ்ப்பெண். இதை நான் எடுத்துச் செய்யலாமா? எப்படிச் செய்தால் உருப்படியாக இருக்கும்?
– வாசகி, ஹரோ

பதில்: யாரும் வராததற்குக் காரணம் கோபமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கிடங்கில் 6–2, 2–10, 10–6 என்று மூன்று ஷிஃப்ட் ஓடுமானால், மதியம் 12 மணிக்குக் காலை ஷிஃப்ட் பெட்டி எடுத்துக்கொண்டிருக்கும், அடுத்த ஷிஃப்ட் வீட்டில் இருக்கும், ராத்திரி ஷிஃப்ட் தூங்கிக்கொண்டிருக்கும். மணிக்கு இத்தனை பெட்டி என்று ஸ்கேனர் கணக்கு வைக்கிற இடத்தில், மாடிக்குப் போய் வந்தால் எண்ணிக்கை குறையும். குறைந்தால் சூப்பர்வைசர் கேட்பார். விருந்து அலுவலகத்துக்காக நடந்தது, அவ்வளவுதான். அதனால் இந்த வருஷம் முதல் வேலை மெனு அல்ல, நேரம். ஷிஃப்ட் மாறும் நேரத்தை ஒட்டி, அரை மணி நேரம், சம்பளத்தோடு, கிடங்குத் தளத்திலேயே. ஒரே நிகழ்ச்சியை இரண்டு முறை நடத்துங்கள்: மதியம் 2-ஐ ஒட்டி ஒன்று, இரவு 10-ஐ ஒட்டி ஒன்று. அந்த அரை மணி நேரத்துக்கு எண்ணிக்கை இலக்கைத் தளர்த்துவதாக ஆபரேஷன்ஸ் மேனேஜரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய் வார்த்தையாகச் சொன்னால் அன்றைக்கு ஒரு லாரி தாமதமாக வந்ததும் காற்றில் போய்விடும்.

நீங்கள் செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம். ஆனால் "நீயும் வெள்ளைக்காரி இல்லையே" என்ற கணக்கில் உங்களிடம் வந்திருந்தால், அதை மேனேஜரிடம் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. 1970, 80-களில் பிரிட்டனில் ஆசியர்களும் தங்களைக் கறுப்பர் என்றே அரசியல்ரீதியாகச் சொல்லிக்கொண்ட காலம் ஒன்று உண்டு. 1958 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து லண்டன் வந்து, பிற்பாடு இனவுறவுகள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரான ஏ. சிவானந்தன் அந்தப் பார்வைக்கு வலுவான குரல். இன்று அந்த வழக்கம் பெரும்பாலும் போய்விட்டது. பல கறுப்பின ஊழியர்களுக்கு, எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டினால் தங்கள் பிரச்சினை அடியில் போய்விடுகிறது என்ற மனக்குறை இருக்கிறது, அது நியாயமும்கூட. ஆகவே அக்டோபரைப் "பன்முக மாதம்" ஆக்கிச் சமோசாவும் பரதநாட்டியமும் சேர்க்காதீர்கள். அதற்கு வேறு மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, நமக்குள் இருப்பது. நம் வீடுகளில் கறுப்பினத்தவரைக் "காப்பிலி", "கறுப்பன்" என்று சொல்வது எவ்வளவு சுளுவாக வாயில் வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். கிடங்கில் தமிழர்கள் இருந்தால் அந்தச் சொற்கள் அங்கேயும் புழங்கும். எந்த மொழி என்று தெரியாதவருக்குக்கூடத் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்பது புரிந்துவிடும். தமிழில் சொன்னால் கணக்கில் வராது என்று யாராவது நினைத்தால் தவறு. 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் மொழியைப் பார்ப்பதில்லை. ஒருவரை அவமதிக்கும் சூழலை உண்டாக்கியதா என்றுதான் பார்க்கும். "சும்மா விளையாட்டுக்கு" என்பதும் அங்கே செல்லாது. இதைக் கண்டிக்க உங்களைவிடத் தோதான ஆள் அந்தக் கம்பெனியில் இல்லை.

இனி என்ன சொல்வது என்பதற்கு வருவோம். இணையத்தில் தேடினால் அலபாமாவில் பஸ்ஸில் இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸும் மார்ட்டின் லூதர் கிங்கும்தான் கொட்டுவார்கள். அது அமெரிக்காவின் பிப்ரவரி. கார்ட்டர் உட்சன் 1926-ல் தொடங்கிய வரலாற்று வாரத்திலிருந்து வளர்ந்தது. பிரிட்டனின் அக்டோபர் தனி. 1987-ல் லண்டனில் அக்யாபா அடாய்-செபோ முன்னின்று தொடங்கியது. உங்கள் கம்பெனியோ சரக்கு ஏற்றி இறக்குகிற கம்பெனி. உங்கள் தொழிலுக்கே சொந்தமான வரலாறு இங்கேயே கிடக்கும்போது அலபாமாவரை போவானேன்?

பிரிஸ்டல் பஸ் கதையை எடுங்கள். 1960-களின் தொடக்கத்தில் பிரிஸ்டல் ஆம்னிபஸ் கம்பெனியில் ஆள் பற்றாக்குறை. பணிமனையிலும் கேன்டீனிலும் கறுப்பினத்தவருக்கு வேலை உண்டு. பஸ்ஸில் ஏறி டிக்கெட் கொடுக்க மட்டும் இல்லை. 1963-ல் பால் ஸ்டீவன்சன் என்ற இளைஞர் சேவைப் பணியாளர், கை பெய்லி என்ற 18 வயது ஜமைக்கா இளைஞருக்கு இன்டர்வியூ ஏற்பாடு செய்தார். போனில் இடம் காலி என்றார்கள். ஆள் மேற்கிந்தியர் என்று தெரிந்ததும் இன்டர்வியூ இல்லை என்றார்கள். ஏப்ரல் 30 முதல் பஸ் புறக்கணிப்பு. ராய் ஹேக்கெட், ஓவன் ஹென்றி போன்றவர்கள் தெருவில் இறங்கினார்கள். நிர்வாகம் தொழிற்சங்கத்தைக் காட்டியது, சங்கம் நிர்வாகத்தைக் காட்டியது. அடியில் இருந்த பயம் எது தெரியுமா? ஓவர்டைம். அடிப்படைச் சம்பளம் குறைவு, ஓவர்டைமில்தான் குடும்பம் ஓடும். புது ஆட்கள் வந்தால் அது போய்விடும் என்று வெள்ளை ஊழியர்கள் பயந்தார்கள். ஆகஸ்ட் 28-ல் தடை நீங்கியது. செப்டம்பர் 17-ல் வெள்ளையரல்லாத முதல் கண்டக்டராக வேலையில் சேர்ந்தவர் ஒரு சீக்கியர், ரக்பீர் சிங். மேற்கிந்தியர்கள் தட்டித் திறந்த கதவில் முதலில் நுழைந்தது ஒரு இந்தியர். "தமிழ்ப்பெண்ணுக்கு இதில் என்ன வேலை" என்று யாராவது கேட்டால் இந்த ஒரு தகவலைச் சொல்லுங்கள்.

நேரம் இருந்தால் ஆஸ்க்வித் சேவியரையும் சேருங்கள். டொமினிகா தீவுக்காரர், ரயிலில் கார்டாக வேலை பார்த்தவர். லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனுக்கு விண்ணப்பித்தபோது நிறத்தால் மறுக்கப்பட்டு, விஷயம் வெளியே வந்து தடை உடைந்து, 1966 ஆகஸ்ட் 15-ல் அங்கே பொறுப்பேற்றார். இந்த இரண்டு சம்பவமும் நடந்தபோது நிறத்தைக் காட்டி வேலை மறுப்பது பிரிட்டனில் சட்டவிரோதமே இல்லை. 1965-ன் இனவுறவுச் சட்டம் பொது இடங்களோடு நின்றுவிட்டது. வேலைவாய்ப்பு 1968 சட்டத்தில்தான் வந்தது.

600 பவுண்டில் பாதிக்கு மேல் பேச்சாளருக்கு வையுங்கள். உள்ளூர் வரலாறு தெரிந்த கறுப்பினப் பேச்சாளரை அழைத்து, "உங்களுக்கு நல்ல அறிமுகமாக இருக்கும்" என்று இலவசமாகப் பேசச் சொல்லாதீர்கள். இந்த மாதத்தில் நடக்கும் மிகக் கேவலமான காரியம் அதுதான். மதியமும் இரவும் இரண்டு முறை பேச வேண்டும், ராத்திரி திரும்பிப் போக டாக்ஸி வேண்டும் என்று முதலிலேயே சொல்லித் தொகை பேசுங்கள். நல்லவர்கள் அக்டோபருக்குச் சீக்கிரமே நிரம்பிவிடுவார்கள், ஜூலையில் கேட்டுவிடுங்கள்.

காசில்லாமல் ஒரு காரியம்: கேனரி வார்ஃப் பக்கம் லண்டன் மியூசியம் டாக்லண்ட்ஸ். அனுமதி இலவசம். அந்தக் கட்டடமே ஒரு கிடங்கு. கரீபியத் தோட்டங்களில் அடிமைகள் விளைவித்த சர்க்கரையை இறக்கி வைக்க 1802-ல் திறந்த வெஸ்ட் இந்தியா துறைமுகத்தின் கிடங்கு அது. உள்ளே சர்க்கரையும் அடிமைமுறையும் பற்றித் தனிக் கூடம் இருக்கிறது. உங்கள் ஆட்கள் தூணையும் தளத்தையும் பார்த்த உடனே இங்கே மூட்டை எப்படி நகர்ந்திருக்கும் என்று சொல்லிவிடுவார்கள், வழிகாட்டியே தேவைப்படாது. பத்துப் பத்துப் பேராக, வேலை நேரத்தில், சம்பளத்தோடு அனுப்புங்கள்.

உங்கள் 11 பேரிடமும் பேசும் முறை முக்கியம். கூட்டம் போட்டுக் கேட்காதீர்கள். தனித்தனியே, அவரவர் ஷிஃப்டில் போய்க் கேளுங்கள். "விருப்பமில்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடலாம், அதனால் ஒன்றும் ஆகாது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். யோசனை சொல்கிறவருக்கு, வேலையில் உதவுகிறவருக்கு அந்த மணிநேரத்தை டைம்ஷீட்டில் ஏற்றுங்கள். அலுவலகத்தில் இருக்கும் அந்த ஒரே ஒருவரைப் போஸ்டருக்கு நிற்க வைக்காதீர்கள். ஒவ்வொரு வருஷமும் அவரைத்தான் கேட்டிருப்பார்கள்.

இதுவரை சொன்னது அக்டோபருக்கு. ஆனால் நீங்கள் எழுதிய கணக்கிலேயே பெரிய விஷயம் இருக்கிறது: 11-ல் 10 பேர் கீழே. பிரிஸ்டல் கம்பெனியின் பணிமனை–கேன்டீன் ஏற்பாட்டுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை என்று பேச்சாளர் பேசி முடிக்கும் முன்பே கிடங்கில் ஒருவர் நினைத்துவிடுவார். அதற்குள் உங்கள் கையில் எண்கள் இருக்கட்டும்.

சூப்பர்வைசர், டிஸ்பாட்ச், அலுவலக வேலைகளுக்குக் கடந்த மூன்று வருஷத்தில் வந்த விண்ணப்பங்களை எடுங்கள். ஒரு வருஷம் மட்டும் எடுத்தால் உங்கள் அளவு கம்பெனியில் எண்கள் சின்னதாகி ஒன்றும் சொல்லாது. ஒவ்வொரு படியிலும் கணக்கிடுங்கள்: விண்ணப்பித்தவர், ஷார்ட்லிஸ்ட் ஆனவர், இன்டர்வியூ வந்தவர், வேலை கிடைத்தவர். உதாரணத்துக்கு, வெள்ளையர் 80 பேர் விண்ணப்பித்து 20 பேர் ஷார்ட்லிஸ்ட் என்றால் 25 சதவீதம். கறுப்பினத்தவர் 40-ல் 4 என்றால் 10 சதவீதம். 25-ஐ 10-ஆல் வகுத்தால் 2.5. அதாவது ஒரு வெள்ளை விண்ணப்பதாரருக்கு வாய்ப்பு இரண்டரை மடங்கு. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.-ல் 2015-ல் வந்த இனச் சமத்துவ அளவுகோல், ஷார்ட்லிஸ்டிலிருந்து நியமனம் வரை இதே வகுத்தலைத்தான் செய்கிறது, 1.0 வந்தால் சமம். எந்தப் படியில் எண் எகிறுகிறதோ அங்கேதான் ஓட்டை. ஷார்ட்லிஸ்டில் எகிறினால் பெயர், பள்ளி, முகவரியை மறைத்து வடிகட்டுங்கள். இன்டர்வியூவில் எகிறினால், எல்லோருக்கும் அதே ஆறு கேள்வி, அதே வரிசை, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். 1 என்றால் எப்படிப்பட்ட பதில், 5 என்றால் எப்படிப்பட்ட பதில் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். இன்டர்வியூ எடுக்கும் மூன்று பேரும் தனித்தனியே மதிப்பெண் போட்ட பிறகே தங்களுக்குள் பேச வேண்டும். "நம்ம டீமுக்குச் செட் ஆவார்" என்ற வாக்கியம் எழுந்தால், எந்தக் கேள்வியின் எந்தப் பதிலில் அது தெரிந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

இன விவரம் தனிக் கவனம் வேண்டிய தகவல். "சொல்ல விரும்பவில்லை" என்ற கட்டம் படிவத்தில் இருக்க வேண்டும். ஐந்துக்குக் குறைவான எண்ணிக்கையை அறிக்கையில் போடாதீர்கள். 140 பேரில் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

விண்ணப்பமே வராத இடம்தான் கிடங்கில் அதிகம். யாரும் விளம்பரம் செய்யாமல் "இரண்டு வாரம் நீ பார்த்துக்கோ" என்று தற்காலிக சூப்பர்வைசர் ஆக்குவார்கள். ஆறு மாதம் கழித்து நிரந்தர வேலைக்கு "அனுபவம் உள்ளவர்" அவர்தான். ரீச் டிரக் (உயர அடுக்கிலிருந்து சரக்கு எடுக்கும் வண்டி) பயிற்சிக்கு யார் போனார், ஞாயிறு ஓவர்டைம் யாருக்கு, தற்காலிகப் பொறுப்பு யாருக்கு என்று மூன்றே மூன்று நெடுவரிசை போட்டு ஆறு மாத ஷிஃப்ட் அட்டவணையிலிருந்து நிரப்புங்கள். ஒரு மதியம் போதும். இனி எந்தத் தற்காலிகப் பொறுப்பும் நோட்டீஸ் போர்டில் ஐந்து நாள் ஒட்டிய பிறகே என்று ஒரு விதி கொண்டுவந்தால், பத்துப் பயிற்சி வகுப்பு செய்யாததை அது செய்யும்.

"அப்படியானால் ஒதுக்கீடு வைத்துவிடலாமா" என்று மேனேஜர் கேட்கக்கூடும். கூடாது; இங்கே சட்டம் அனுமதிக்காது. ஓரிடத்தில் ஒரு பிரிவினர் குறைவாக இருந்தால் அவர்களுக்குப் பயிற்சி தரலாம், விண்ணப்பிக்க ஊக்குவிக்கலாம். தகுதியில் சமமாக இரண்டு பேர் நின்றால், அந்த ஒரு தேர்வில் மட்டும், ஒருவர் குறைவாக உள்ள அந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதைக் கணக்கில் எடுக்கலாம். அதற்குமேல் போகும் முன் வக்கீலைக் கேளுங்கள்.

ஜெர்க் சிக்கன் இந்த வருஷமும் வேண்டுமென்றால் வைக்கலாம், அதில் ஒரு பாவமும் இல்லை. கரீபியக் கடையிலேயே வாங்குங்கள், சைவமும் ஹலாலும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரவு 10 மணி ஷிஃப்டுக்கு மதிய மிச்சத்தை மைக்ரோவேவில் சுட வைத்துக் கொடுக்காமல் தனியே ஆர்டர் போடுங்கள். அந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் எந்த ஷிஃப்டில் இருக்கிறார் என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்; பட்டியலில் நீங்கள் போய்க் கேட்க வேண்டிய முதல் ஆள் அவர்.