பாராட்டுவது எப்படி: கேட்டவர்களுக்குப் பதில்

என் டீமில் பத்துப் பேர். நல்ல வேலைக்கு என்ன பரிசு கொடுக்கலாம்?
முதலில் வாயைத் திறந்து சொல்லுங்கள். "சூப்பர்" என்று போகிற போக்கில் சொல்வது கணக்கில் வராது. "அந்த பில்லில் வரி இரண்டு தடவை ஏறியிருந்ததை நீங்கள் பிடித்தீர்கள். இல்லையென்றால் இன்று நான்தான் மாட்டியிருப்பேன்" என்று சொல்லிப் பாருங்கள். தன் வேலையை ஒருவர் உற்றுப் பார்த்திருக்கிறார் என்பது அவருக்கு உறைக்கும்.

பரிசு எவ்வளவுக்கு வாங்கலாம்?
மேலே சொன்ன பதிலை மறுபடி படியுங்கள்.

மாதம் முழுக்க நேரத்துக்கு வருபவர்களுக்குக் குலுக்கலில் பரிசு வைக்கலாமா?
வேண்டவே வேண்டாம். ஒரு சலவை நிறுவனத்தின் ஐந்து ஆலைகளில் ஒன்றில் இதைச் செய்து பார்த்தார்கள். முடிவை 2016-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தாமதம் குறைந்தது உண்மை. ஆனால் பரிசே இல்லாத காலத்திலும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களின் வேலை வேகம் சரிந்தது. ஆலையின் உற்பத்தித்திறன் 1.4 சதவீதம் இறங்கியது. வழக்கமாக வருபவனுக்கு இத்தனை நாள் இல்லாத மரியாதை தாமதமாக வந்தவன் திருந்தியதும் வந்தால், அவனுக்கு எப்படி இருக்கும்?

அதெல்லாம் சரி சார், ரொம்பப் பாராட்டினால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள்.
இதைச் சொல்ல இன்று நான்கு பேர் வந்துவிட்டீர்கள். நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் ஸ்டோர் பார்த்த பெரியவர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற நாளில் ஆளாளுக்கு மைக்கைப் பிடித்துப் புகழ்ந்தார்கள். மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அவர் சொன்னது: "இதில் பாதியைப் போன வருஷமே சொல்லியிருக்கலாமே." அவர் தலையில் யாரும் எதையும் ஏற்றவில்லை, முப்பது வருஷமாக.

அப்படியானால் உங்கள் கணக்கில் பணமே வேண்டாமா?
அப்படி எங்கே சொன்னேன்? 1959-லேயே ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டார்: சம்பளம் குறைந்தால் மனக்குறை வரும், அங்கீகாரம் கிடைத்தால் ஊக்கம் வரும். ஒன்றின் பள்ளத்தை மற்றொன்று நிரப்பாது. இன்க்ரிமென்ட்டை நிறுத்திவிட்டுச் சான்றிதழ் நீட்டுகிற மேனேஜர்களுக்குத்தான் இது. சான்றிதழைச் சுவரில் மாட்டலாம், வாடகைக்குக் கொடுக்க முடியாது.

மேடை ஏறவே கூசுகிறவரை எப்படிப் பாராட்டுவது?
மேடை ஏற்றாமல். தனியாகக் கூப்பிட்டு, இல்லையென்றால் இரண்டு வரி எழுதிக் கொடுத்து.

பரிசுப் பணத்துக்கு வரி உண்டா?
ஆடிட்டரைக் கேளுங்கள்.

ஷீல்டு நல்லதா, கோப்பை நல்லதா?
பெயரில் எழுத்துப்பிழை இல்லாதது நல்லது.