ஒப்பந்தத்தில் வரும் ‘ஸ்டிபுலேஷன்’: பொருள் என்ன, எங்கிருந்து வந்தது?

கேள்வி: பழைய கார் ஒன்றை வாங்கப் பேசி முடித்திருக்கிறேன். விற்பவர் அனுப்பிய ஒப்பந்தம் ‘கீழ்க்கண்ட ஸ்டிபுலேஷன்களுக்கு உட்பட்டு’ என்று தொடங்கி ஒரு பக்கத்துக்கு ஓடுகிறது. கண்டிஷன், வாரண்டி தெரியும், இது என்ன? எங்கிருந்து வந்த சொல்? கையெழுத்துப் போட்டால் எதற்கெல்லாம் கட்டுப்படுவேன்?

பதில்: பயப்பட ஒன்றுமில்லை. இரு தரப்பும் பேசி ஒப்புக்கொண்ட நிபந்தனை ஒவ்வொன்றும் ஸ்டிபுலேஷன்தான். பழைய பத்திரங்களில் ‘ஷரத்து’ என்று இருக்குமே, அதேதான். வண்டியை எந்தத் தேதியில் ஒப்படைப்பது, பாக்கிப் பணம் எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் இதில் அடங்கும்.

சொல் ரோமானியச் சட்டத்திலிருந்து வந்தது. அங்கே இது ஒரு வாய்மொழி ஒப்பந்தம். ஒன்றைப் பெற வேண்டியவர், ‘தருவதாக உறுதி சொல்கிறாயா?’ என்று கேட்பார். எதிரில் நிற்பவர் அதே வினைச்சொல்லில் ‘உறுதி சொல்கிறேன்’ என்றால் கட்டுப்பட்டுவிட்டார். பதில் கேள்வியோடு பொருந்த வேண்டும். 2-ஆம் நூற்றாண்டுச் சட்ட ஆசிரியர் காயுஸ் சொல்கிறார்: பத்து கேட்டு, ஐந்து தருகிறேன் என்று பதில் வந்தால் ஒப்பந்தம் செல்லாது. குறிப்பிட்ட சொற்களையே சொல்ல வேண்டும் என்ற கட்டாயத்தைப் பேரரசர் லியோ 472-இல் நீக்கினார்.

சொல்லின் வேரைப் பற்றி ஒத்த கருத்து இல்லை. லத்தீனில் ‘ஸ்டிபுலா’ என்றால் வைக்கோல். வாக்குக் கொடுக்கும்போது ஒரு வைக்கோலை ஒடிப்பார்கள், அதிலிருந்து வந்தது என்று செவில் நகரப் பேராயர் இசிதோர் எழுதினார். 533-இல் வெளிவந்த பேரரசர் ஜஸ்டினியனின் சட்டப் பாடநூலோ ‘உறுதியானது’ என்ற பொருளுள்ள பழஞ்சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்கிறது. வைக்கோல் கதை கேட்க நன்றாக இருந்தாலும் எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது.

உங்களுக்கு முக்கியமானது வேறு. அன்று நிபந்தனையைச் சொல்லிக் கேட்டவர் பெறுபவர், அதாவது உங்கள் இடத்தில் இருப்பவர். இன்று விற்பவரே அச்சடித்து நீட்டுகிறார், நாம் படிக்காமல் கையெழுத்திடுகிறோம். இந்தப் பழக்கத்தை மாற்றத்தான் வேண்டும். கேள்விகளை நீங்கள் வையுங்கள். ‘வண்டி நல்ல கண்டிஷன் சார்’ என்பது பதிலே இல்லை. ஓடிய கிலோமீட்டர் மீட்டரில் காட்டுவதுதானா? விபத்தில் அடிபட்டதா? வங்கிக் கடன் பாக்கி உண்டா? ஒவ்வொன்றுக்கும் வந்த பதிலை அதே சொற்களில் ஒப்பந்தத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள்.

எல்லா ஷரத்துக்கும் ஒரே எடை கிடையாது. பிரிட்டனின் 1893-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் (அதன் இடத்தில் 1979-இல் புதிய சட்டம் வந்தது) ஸ்டிபுலேஷனை இரண்டாகப் பிரித்தது. அதை ஒட்டி வந்த இந்தியாவின் 1930-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படியே பிரிக்கிறது. கொள்முதலின் நோக்கத்துக்கே அடிப்படையானது கண்டிஷன். அது மீறப்பட்டால் ஒப்பந்தத்தையே முறித்துப் பொருளை மறுக்கலாம். துணையானது வாரண்டி, அது மீறப்பட்டால் நஷ்ட ஈடு கேட்கலாம், பொருளைத் திருப்பித் தர முடியாது. 2021 மாடல் என்று எழுதிவிட்டு 2018 மாடலைக் கொடுப்பது முதல் வகை. புது சீட் கவர் தருவதாகச் சொல்லித் தராதது இரண்டாம் வகை. தாளில் ‘வாரண்டி’ என்று பெயர் வைத்ததாலேயே ஒன்று வாரண்டி ஆகிவிடாது, ஒப்பந்தத்தின் தன்மையைப் பார்த்தே அது முடிவாகும் என்று அந்த பிரிட்டிஷ் சட்டம் சொன்னது, இந்தியச் சட்டமும் சொல்கிறது. வாங்குபவருக்கு இது பெரிய பாதுகாப்பு.

உங்கள் தாளில் இரண்டு வரிகளைத் தேடிப் பாருங்கள். ஒன்று, ‘உள்ளது உள்ளபடியே விற்கப்படுகிறது’. மற்றது, ‘இதில் எழுதாத எந்தப் பேச்சும் செல்லாது’. இரண்டும் சேர்ந்திருந்தால், வாயால் சொன்ன உறுதிகளைப் பின்னால் நிரூபிப்பது பெரும்பாடு. அந்த வரிகளை அடித்து நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால், மேலே சொன்ன பதில்களையாவது எழுதிச் சேர்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வண்டி கைக்கு வந்ததும் அன்றே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பொருளை ஏற்றுக்கொண்ட பிறகு, அந்த இந்தியச் சட்டப்படி, கண்டிஷன் மீறலைக்கூடப் பொதுவாக வாரண்டி மீறலாகவே கருதுவார்கள். நஷ்ட ஈடு மட்டுமே மிஞ்சும்.