வேன் திரும்பி வரும் பக்கத்தையும் காட்டுங்கள்

லாரி, பஸ் படப் புத்தகங்களைத் தவிர வேறெதையும் உங்கள் நான்கு வயது மகன் தொடுவதில்லை, ஜூனில் எல்கேஜி சேர வேண்டும், பள்ளி வேன் என்றாலே அழுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அந்தப் புத்தகங்களை ஒளித்து வைக்காதீர்கள்; இப்போது உங்களுக்குத் துணை அவைதான். பஸ் படம் வரும்போது, “இதில் யார் ஏறுகிறார்கள்? எங்கே இறங்குவார்கள்?” என்று கேட்டு, அவன் சொல்லும்வரை காத்திருங்கள்.

என் மகளுக்காகப் பழைய நோட்டில் ஏழு பக்கம் வரைந்தேன்: எங்கள் வாசல், மஞ்சள் வேன், கைப்பிடித்து ஏற்றும் ஆயா, பள்ளி, சாப்பாட்டு டப்பா, மீண்டும் அதே வேன், வாசலில் நான். கடைசிப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். வேனைக் கண்டு அவள் பயப்படவில்லை. திரும்பி வரும்போது அம்மா இருப்பாளா என்றுதான் பயந்தாள். “பன்னிரண்டு மணிக்கு” என்பது இந்த வயதில் புரியாது. “சாப்பிட்டு முடித்ததும்” என்று சொல்லுங்கள்.

புதிய கதைகள் வேண்டுமென்றால், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம்.