பழைய டெஸ்க்டாப்பில் வீட்டு சர்வர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் நின்றுவிட்டது, என் நான்காம் தலைமுறை ஐ3 டெஸ்க்டாப்பை விண்டோஸ் 11 ஏற்க மாட்டேன் என்கிறது. 8 ஜிபி ரேம் இருக்கிறது. 4 டிபி, 2 டிபி, 1 டிபி என்று மூன்று ஹார்டு டிஸ்க்கும் சும்மா கிடக்கின்றன. வீட்டில் இருக்கும் இரண்டு லேப்டாப், நான்கு போன் எல்லாம் இதில் பேக்கப் ஆக வேண்டும், டிவியில் படமும் பார்க்க வேண்டும். ட்ரூநாஸ், அன்ரெய்டு, ஓப்பன்மீடியாவால்ட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைப் போடுவது?
(ஈரோடு வாசகர்)

பதில்: ஓப்பன்மீடியாவால்ட் போடுங்கள். மூன்றுமே ஒரு கம்ப்யூட்டரை வீட்டு ஃபைல் சர்வராக மாற்றும் ஆபரேட்டிங் சிஸ்டங்கள்தான். மற்ற இரண்டிலும் குறை ஒன்றும் இல்லை, ஆனால் உங்கள் மூன்று டிஸ்க்கும் மூன்று அளவில் இருக்கின்றனவே, அங்கேதான் விஷயம்.

ட்ரூநாஸ் முழுக்க இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தை நம்பி நிற்கிறது. எழுதும் ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் வைத்துக்கொண்டு, படிக்கும்போது அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, டிஸ்க் சத்தமில்லாமல் தப்பான தகவலைக் கொடுத்தால் கண்டுபிடித்து, ஜோடி டிஸ்க்கில் இருக்கும் நல்ல பிரதியிலிருந்து தானே சரிசெய்துவிடும். இந்த வேலையில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் ஜோடி சேர்ப்பதற்கு ஒரே அளவு டிஸ்க்குகள் வேண்டும், உங்கள் 4 டிபியையும் 2 டிபியையும் மிரர் (ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும்) போட்டால் 2 டிபிதான் கைக்கு வரும், மிச்சம் வீண். ரேம் குறைந்தபட்சமே 8 ஜிபி கேட்கிறார்கள், உங்களிடம் இருப்பதே அவ்வளவுதான், அதன்மேல் வேறு மென்பொருள்கள் போட்டால் திணறும்.

அன்ரெய்டு நேர் எதிர். பல அளவு டிஸ்க்குகளை வைத்திருப்பவர்களுக்காகவே செய்தது. இருப்பதிலேயே பெரிய டிஸ்க்கைப் பாரிட்டிக்கு, அதாவது ஒரு டிஸ்க் செத்தால் அதில் இருந்ததைக் கணக்கிட்டு மீட்கும் தகவலுக்கு, கொடுத்துவிட வேண்டும், மற்றதில் ஒவ்வொரு ஃபைலும் ஏதாவது ஒரே டிஸ்க்கில் முழுசாக இருக்கும், அதனால் இரண்டு டிஸ்க் ஒன்றாகப் போனால்கூட பிழைத்த டிஸ்க்கில் இருப்பது பிழைத்தது. நல்ல யோசனைதான். ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும், லைசென்ஸ் வழக்கமாக ஒரு பென் டிரைவோடு கட்டப்பட்டிருக்கும், உங்கள் கணக்கில் 4 டிபி பாரிட்டிக்குப் போய்விட்டால் மிச்சம் 3 டிபிதான். இதற்குப் பணம் கொடுப்பானேன்?

ஓப்பன்மீடியாவால்ட் என்பது டெபியன் லினக்ஸ், அதன்மேல் பிரவுசரில் திறக்கும் ஒரு நிர்வாகப் பக்கம், அவ்வளவுதான். 1 ஜிபி ரேமிலேயே எழுந்து நிற்கும். சுவையான ஒரு பழைய கதை: இதுவும் ட்ரூநாஸும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 2005-ல் ஒலிவியே கோஷார் தொடங்கிய ஃப்ரீநாஸ் திட்டத்தில் வேலை செய்த ஃபோல்கர் தைலே, அந்தத் திட்டத்தை ஃப்ரீபிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை விட்டு டெபியனுக்கு மாற்ற வேண்டும் என்று நினைத்துத் தனியாகப் போய் உருவாக்கியதுதான் ஓப்பன்மீடியாவால்ட். ஃப்ரீநாஸ் வேறு கைக்குப் போய் 2020-ல் ட்ரூநாஸ் ஆனது. 2022-ல் வந்த அதன் ஸ்கேல் பதிப்பு எதன்மேல் கட்டியது தெரியுமா, அதே டெபியன் மேல்.

இனி செய்ய வேண்டியது. ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கி அதில் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடுங்கள். அந்த நேரத்தில் மூன்று ஹார்டு டிஸ்க்கின் கேபிளையும் கழற்றி வைத்துவிடுங்கள், தப்பான டிஸ்க்கை அழிப்பது இந்தக் கட்டத்தில்தான் நடக்கும். பிறகு மாட்டி, லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான ஈஎக்ஸ்டி4-ஆக ஃபார்மட் செய்யுங்கள். அதில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் முதலில் வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள், ஃபார்மட் செய்தால் எல்லாம் போய்விடும். ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாகக் கட்டுவது) எதுவும் போடாதீர்கள். 4 டிபிதான் முதன்மை டிஸ்க், படங்களும் பேக்கப்பும் அதில். 2 டிபிக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் தினமும் ராத்திரி போட்டோ, ஆவணங்கள் மட்டும் நகலாகட்டும், சினிமாவை நகலெடுத்து என்ன ஆகப்போகிறது. 1 டிபியை ஒரு யூஎஸ்பி டப்பாவில் போட்டு மாதம் ஒருமுறை நகலெடுத்து, சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். லேப்டாப் பேக்கப்புக்கு அர்பேக்கப், போன் போட்டோவுக்கு இம்மிச் என்ற மென்பொருள்கள், இரண்டும் இலவசம், இரண்டையும் டாக்கரில் (மென்பொருளைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் முறை) ஓட்டலாம்.

நான் எந்த சிஸ்டத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: மதர்போர்டு எரிந்துபோனால் இந்த டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் படிக்க முடியுமா? மேலே சொன்னபடி வைத்தால் ஒரு லினக்ஸ் பென் டிரைவ் இருந்தாலே போதும், ஃபைல்கள் அப்படியே தெரியும்.

கேள்வி: கல்யாண போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். இரண்டு 8 டிபி டிஸ்க்கை மிரர் போட்டுவிட்டேன். ஒன்று போனாலும் மற்றது இருக்கிறது. பேக்கப் பற்றி இனி கவலை இல்லைதானே?
(கும்பகோணம் வாசகர்)

பதில்: கவலை இருக்கிறது. உங்கள் உதவியாளர் தவறுதலாக ஒரு ஃபோல்டரை டெலிட் செய்தால் அதே நொடியில் இரண்டு டிஸ்க்கிலும் அது போய்விடும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்து பூட்டினால் இரண்டும் பூட்டப்படும். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் வெடித்து வோல்ட்டேஜ் ஏறினால் இரண்டும் ஒரே பெட்டிக்குள்தான் இருக்கின்றன. டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் ஓடுவதற்குத்தான் மிரர், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

உங்களைப் போன்றவருக்குத்தான் நான் ட்ரூநாஸ் சொல்வேன். டிஸ்க் இரண்டும் ஒரே அளவு, போனால் திரும்ப எடுக்க முடியாத படங்கள், அந்த முகூர்த்தத்தை மறுபடி நடத்தவா முடியும். 16 ஜிபி ரேம் போட்டு, மணிக்கொரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுக்கச் சொல்லி வைத்தால், தவறுதலாக அழித்ததைப் போன மணி நேரத்து நிலையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், மாற்றம் நடந்த அளவுக்கு மட்டுமே இடம் பிடிக்கும். ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தாலும் அது நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர் வழியாக ஸ்னாப்ஷாட்டைத் தொட முடியாது, சர்வரின் அட்மின் பாஸ்வேர்டு அந்தக் கம்ப்யூட்டரில் சேமிக்கப்படாமல் இருக்கும்வரை. அப்புறம் மூன்றாவதாக ஒரு 8 டிபி வாங்கி வாரம் ஒருமுறை நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள், ஸ்டூடியோவிலேயே வைக்காதீர்கள். வாங்கும்போது சிஎம்ஆர் வகையா என்று கேட்டு வாங்குங்கள், தகவல் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க், செத்த டிஸ்க்குக்குப் பதில் புதியது மாட்டி இசட்எஃப்எஸ்ஸில் மறுசீரமைப்பு நடக்கும்போது உயிரை எடுத்துவிடும். ஆல்பம் கொடுத்த பிறகு எத்தனை வருடம் வைத்திருப்பது என்பதை வாடிக்கையாளரிடம் எழுதிக் கொடுத்துவிடுவதும் நல்லது, அது கம்ப்யூட்டர் விஷயம் இல்லை என்றாலும்.

கேள்வி: வீட்டு சர்வரிலிருந்து டிவியில் படம் பார்க்க ஜெல்லிஃபின் என்ற மென்பொருள் போட்டேன். சில படங்கள் டிவியில் வெண்ணெய் மாதிரி ஓடுகின்றன, சில நின்று நின்று ஓடுகின்றன. சர்வர் சரியில்லையா?
(திருநெல்வேலி வாசகர்)

பதில்: படம் ஓடும்போது ஜெல்லிஃபின் டாஷ்போர்டைத் திறந்து பாருங்கள், ட்ரான்ஸ்கோடிங் என்று காட்டினால் ஆள் அகப்பட்டார். டிவிக்குப் புரியாத வடிவத்தில் படம் இருந்தால் சர்வர் உட்கார்ந்து அதை அங்கேயே மாற்றிக் கொடுக்க வேண்டும். முதல் கேள்வியில் வந்ததைப் போன்ற இன்டெலின் நான்காம் தலைமுறை சிப்பில் எச்.264 போன்ற பழைய வீடியோ வடிவங்களுக்குத்தான் ஹார்டுவேர் உதவி உண்டு, அதற்குப் பின் வந்த எச்.265 என்றால் சிபியு தலையில் விழும். 10 பிட் எச்.265 வரை சிப்பே கவனித்துக்கொள்ள ஏழாம் தலைமுறையாவது வேண்டும். சர்வரை மாற்றுவதற்கு முன்னால் டிவி பக்கம் மாற்றிப் பாருங்கள், எச்.265 தெரிந்த ஒரு ஆண்ட்ராய்டு ஸ்டிக் மாட்டினால் படம் அப்படியே போகும், பழைய சர்வரே போதும். எழுத்தாக இல்லாமல் பட வடிவில் இருக்கும் சப்டைட்டிலும் இந்த மாற்றும் வேலையை இழுத்துவிடும், எஸ்ஆர்டி என்ற எழுத்து ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரான்ஸ்கோடிங் இல்லையென்றால் ரவுட்டரைப் பாருங்கள். பிராட்பேண்ட்காரர்கள் கொடுக்கும் விலை குறைந்த பெட்டிகள் சிலவற்றில் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், நொடிக்கு 11, 12 எம்பிக்கு மேல் போகாது. கிகாபிட் போர்ட் என்றால் 110 எம்பி வரை வரும். சர்வரை மட்டும் வைஃபையில் விடாதீர்கள், கேபிள் இழுத்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் விண்டோஸ் ஹோம் சர்வர் 2011 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அருமையாக இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?
(கோவை வாசகர்)

பதில்: வேண்டும், எனக்கும் மனசில்லைதான். 2007 ஜனவரியில் பில் கேட்ஸ் லாஸ் வேகஸில் அறிமுகப்படுத்திய அந்த சிஸ்டம், வீட்டில் இருக்கும் 10 கம்ப்யூட்டர் வரை தினமும் தானாக பேக்கப் எடுக்கும், எல்லாக் கம்ப்யூட்டரிலும் பொதுவாக இருக்கும் பகுதியை ஒரே ஒருமுறைதான் சேமிக்கும். ஒரு சிடி போட்டு செத்த கம்ப்யூட்டரை அப்படியே எழுப்பலாம். இதைவிட எளிதாக வீட்டுக்காரர்களுக்கு இன்றுவரை யாரும் செய்து கொடுக்கவில்லை என்பேன். பல டிஸ்க்கை ஒன்றாகக் காட்டிய டிரைவ் எக்ஸ்டெண்டரை 2011 பதிப்பில் எடுத்துவிட்டார்கள், அப்போதே பாதி ரசிகர்கள் போய்விட்டார்கள்.

ஆனால் 2016 ஏப்ரல் 12-உடன் அதற்கு சப்போர்ட் முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு மே மாதமே வானாக்ரை என்ற ரேன்சம்வேர் வந்து, விண்டோஸின் பழைய ஃபைல் பகிர்வு முறையான எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாக உலகம் முழுக்கப் பரவியது. உங்கள் ஃபைல்கள் விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில்தான் இருக்கின்றன, எங்கே வேண்டுமானாலும் மாட்டி நகலெடுக்கலாம். பேக்கப் டேட்டாபேஸ்தான் வேறு எதிலும் திறக்காது, அதிலிருந்து வேண்டியதை இப்போதே ரீஸ்டோர் செய்து எடுத்து வைத்துக்கொண்டு மாறுங்கள். அதன் இடத்துக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வருவது நான் மேலே சொன்ன அர்பேக்கப்.

கேள்வி: மகள் துபாயில் இருக்கிறாள். வீட்டு சர்வரில் இருக்கும் குடும்ப வீடியோவை அங்கிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் திறக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
(நாகர்கோவில் வாசகர்)

பதில்: திறக்காதீர்கள், இணையத்தில் இருக்கும் யாரும் சர்வரின் கதவைத் தட்ட வழி விடுவது அது. 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற ரேன்சம்வேர், இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த கியூநாப் நிறுவனத்தின் ஸ்டோரேஜ் பெட்டிகளில் நுழைந்து ஃபைல்களை எல்லாம் பாஸ்வேர்டு போட்ட 7-ஜிப்பாக மாற்றிவிட்டுப் பணம் கேட்டது. அதுவும் இல்லாமல் பல பிராட்பேண்ட் இணைப்புகளில் உங்களுக்கென்று தனி ஐபி (இணைய முகவரி) கிடையாது, திறந்தாலும் வேலை செய்யாது. டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் இரண்டு பக்கமும் போடலாம். ஆனால் விபிஎன் விஷயத்தில் அந்த ஊர்ச் சட்டம் கடுமையானது, முதலில் மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால் அவளுக்கு வேண்டிய வீடியோக்களை ஒரு டிஸ்க்கில் போட்டு அடுத்த முறை வரும்போது கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: 24 மணி நேரமும் ஓடினால் கரண்ட் பில் என்ன ஆகும்?
(மதுரை வாசகர்)

பதில்: பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போது 50 வாட் இழுக்கிறது என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாத ரீடிங்கில் 72 யூனிட் கூடும். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கழற்றிவிடுங்கள், சர்வருக்குத் தேவையில்லை. ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடு என்றால் ஸ்லாப் மாறி உறைக்கும், அவர்கள் மதர்போர்டின் செட்டிங் பக்கமான பயாஸில் நேரம் வைத்து மாலை ஆறு மணிக்குத் தானே எழும்படி செய்து, ராத்திரி பேக்கப் முடிந்ததும் அணைந்துவிடும்படி வைத்துக்கொள்ளலாம். வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டுபவர்கள் அதன் பின்பக்கம் யூபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், சாதாரண மோடில் கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் சர்வர் ரீஸ்டார்ட் ஆகலாம்.