பூசணத்தின் சர்க்கரையை உடல் எப்படி அறிகிறது?

கேள்வி: காங்கேயம் அருகே கொப்பரைக் களம் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழையில் சரியாகக் காயாத பருப்பில் பச்சைப் பூசணம் பூத்துவிடுகிறது. தட்டிக் கொட்டும்போது அந்தத் தூள் மூக்கில் ஏறாமல் இருப்பதில்லை. பூஞ்சையின் மேலுள்ள சர்க்கரையைக் கொண்டே உடல் அதை அடையாளம் காண்கிறது என்று படித்தேன். நம் உடலிலும் சர்க்கரை இருக்கிறதே, குழப்பம் வராதா? இத்தனை தூளை இழுத்தும் எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?
– ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: ஒரே பருத்தி நூல் திருப்பூரில் பின்னலாகிப் பனியன் துணியாகிறது, பவானியில் தறியேறி ஜமக்காளமாகிறது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் எது எது என்று விரல் சொல்லிவிடும். குளுக்கோஸும் அப்படித்தான். நம் கல்லீரலில் சேமிக்கப்படும் கிளைகோஜனில் அது பெரும்பாலும் ஆல்ஃபா-1,4 பிணைப்பால் கோக்கப்பட்டிருக்கிறது. பூஞ்சையின் செல் சுவரிலோ பீட்டா-1,3 பிணைப்பால் நீண்ட சங்கிலியாகிறது. பீட்டா குளுக்கன் எனப்படும் இந்தச் சங்கிலியை உருவாக்கும் நொதி மனித உடலில் கிடையாது என்பதால், அது எங்கே தட்டுப்பட்டாலும் அந்நியப் பொருளே.

அதைத் தொட்டறியும் விரல், மேக்ரோபேஜ், நியூட்ரோஃபில் போன்ற வெள்ளணுக்களின் மேற்பரப்பில் உள்ள டெக்டின்-1 என்னும் ஏற்பி. டென்ட்ரிடிக் செல் என்னும் நோயெதிர்ப்புச் செல்லில் முதலில் கண்டதால் அந்தப் பெயர் வைத்தார்கள். அது பற்றுவது பீட்டா குளுக்கனை என்பதை 2001இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கார்டன் பிரவுனும் சியாமன் கார்டனும் காட்டினார்கள். பூஞ்சையின் மானோஸ் சர்க்கரைகளுக்கு டெக்டின்-2 உள்ளிட்ட வேறு ஏற்பிகள் உண்டு.

நீரில் கரைந்த பீட்டா குளுக்கன் இந்த ஏற்பியில் ஒட்டினாலும் செல் பெரிதாக அசைவதில்லை. சுவர்த் துணுக்காக, திடமாக வந்து பல ஏற்பிகளை ஒரே இடத்தில் பிடித்தால்தான், சமிக்ஞையை அடக்கி வைக்கும் சிடி45 போன்ற புரதங்கள் அந்தத் தொடுமிடத்திலிருந்து ஒதுக்கப்பட்டு, விழுங்கும் வேலை தொடங்கும் என்று 2011இல் தெரியவந்தது. எதிரி பக்கத்திலேயே நிற்கிறானா, எங்கோ உதிர்த்த துகள் மிதந்து வருகிறதா என்று பிரித்தறிய இதைவிட எளிய வழி எனக்குத் தோன்றவில்லை.

இனி உங்கள் களத்துத் தூளுக்கு வருவோம். அந்தப் பச்சை பெரும்பாலும் ஆஸ்பர்ஜிலஸ் இனத்தின் வித்துகள். அதே இனத்தின் ஃபியூமிகேட்டஸ் வகையில், உறங்கும் வித்தின் மேல் நீர் ஒட்டாத ஒரு புரத உறை இருந்து சர்க்கரையை மறைக்கிறது. அந்த உறையை நீக்கியதும் அதே வித்துகளைக் கண்டு வெள்ளணுக்கள் கிளர்ந்தெழுந்தன என்று 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. நுரையீரலின் ஈரத்தில் வித்து உப்பி முளைக்கத் தலைப்படும்போது உறை கிழிந்து பீட்டா குளுக்கன் வெளியே தெரிகிறது, உடனே பிடிபடுகிறது. ஆகவே இழுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் உடல் போர் தொடுப்பதில்லை. பெரும்பாலான வித்துகளை நுரையீரல் மேக்ரோபேஜ்கள் சந்தடியின்றி விழுங்கிவிடுகின்றன.

ஆனால் நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வெள்ளணு குறைந்தவர்கள் அந்தக் களத்துப் பக்கமே வரக்கூடாது. உங்களுக்கும் ஆஸ்துமா போன்ற ஒவ்வாமை பின்னாளில் வரலாம். தட்டிக் கொட்டும்போது முகக்கவசம் அணியுங்கள். பூசணம் பிடித்த பருப்பைச் செக்குக்கு அனுப்பாதீர்கள். அதிலிருக்கக்கூடிய அஃப்ளாடாக்சின் நஞ்சை எந்த ஏற்பியும் பிடித்துத் தராது.