பொருள் விஞ்ஞானத்தால் மலையகத்துக்கு என்ன பயன்? காலடி மண்ணிலிருந்து ஒரு பதில்

"நிலைபேறான அபிவிருத்தியில் பொருள் விஞ்ஞானத்தின் பங்கு என்ன, மலையகத்துக்கு அதனால் ஏதும் பயன் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் போலிருக்கிறது. பொருட்களின் இயல்பை ஆராய்ந்து பயன்படுத்தும் இந்தத் துறை என்றதும் சூரியக்கலம், பற்றரி, நனோ என்று பலர் சொல்வார்கள். அவை வேண்டாம் என்பதல்ல. ஆனால் ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டக் காத்திருக்கும் மலையகத் தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்கு முதலில் கைகொடுப்பது மண்தான்.

ஒரு தொன் சீமெந்து செய்தால் ஏறக்குறைய 0.8 தொன் காபனீரொட்சைட்டு வெளியேறும். அதில் பாதிக்கு மேல் சூளை எரிபொருளால் வருவதல்ல, சுண்ணக்கல் சிதைவதால் வருவது. சூளைக்கு எந்த எரிபொருளைப் போட்டாலும் அந்தப் பங்கு குறையாது. ஆகவே சீமெந்தைக் குறைத்துப் பாவிக்கத்தான் வழி தேட வேண்டும். ஈர மண்ணில் சிறிது சீமெந்து கலந்து அச்சு இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் மண் கல் அப்படி ஒரு வழி. 290×140×90 மில்லிமீற்றர் கல் ஒன்று சுமார் 7 கிலோ. எடையில் 6 வீதம் சீமெந்து கலந்தால் 50 கிலோ மூடை ஒன்றில் 115 கல் வரை அடிக்கலாம். சூளையும் இல்லை, விறகும் இல்லை.

"லயத்து வரிசை அறைகளில் கிடந்தவர்களுக்கு மறுபடியும் மண் சுவரா?" என்று சிலர் கோபப்படுவார்கள். நியாயமான கோபம். ஆனால் இது வரிச்சுக் கட்டி அப்பும் மண் அல்ல. இதற்கு எஸ்எல்எஸ் 1382 என்று இலங்கைத் தரமே இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தும் இருக்கிறார்கள். முறையாகச் செய்யாவிட்டால் கரையும் என்பது உண்மை. அந்த முறையில்தான் விஞ்ஞானம் இருக்கிறது.

தேயிலை வேர் ஓடிய மேல்மண்ணைத் தொடவே கூடாது. அதிலுள்ள இலைமக்கு சீமெந்து இறுகுவதைக் கெடுக்கும். அதற்குக் கீழே வரும் செம்மண்ணை நேரான கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, நீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி. களி ஊறிப் பருத்திருக்கும், கண்ணுக்குத் தெரிவதைவிட உண்மை அளவு குறைவு. மணலும் சிறுகல்லும் சேர்ந்து 65 வீதம், களி 20 வீதம் என்பது நல்ல கலவை. எங்கள் பக்கத்து மண்ணில் பெரும்பாலும் களி கூடத்தான் இருக்கும். அப்போது சீமெந்தைக் கூட்டாமல் கல்குவாரித் தூளைச் சேருங்கள். களி கூடினால் கல் காயும்போது வெடிக்கும். களிக் கட்டி உடையாமல் இருந்தாலோ சீமெந்து அதன் வெளியிலேயே நின்றுவிடும், உள்ளே வெறும் மண். அதனால் மண்ணைக் காயவைத்து 5 மில்லிமீற்றர் சல்லடையில் அரிக்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரையிலும், பண்டாரவளைப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரையிலும் மண் காயும்.

சீமெந்துக்குப் பதில் சுண்ணாம்பு போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. தேயிலை மலைக்குப் போடும் டொலமைட் தூள் சுடாத கல். அது மண்ணை இறுக்காது. சுட்டு நீற்றிய சுண்ணாம்பு வேறு, அது வேறு.

ஈரத்தைப் பார்க்க, கலவையைப் பந்தாகப் பிடித்து ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. உடையாமல் சப்பையானால் ஈரம் கூட, பொடியாகச் சிதறினால் குறைவு. நீர் ஊற்றிய கலவையை அரை மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும். பிந்தியதற்கு மீண்டும் நீர் ஊற்றிப் பாவிப்பது மிக மோசமான பழக்கம். அடித்த கல்லை உடனே பொலித்தீனால் மூடி, 28 நாள் ஈரமாக வையுங்கள். நுவரெலியாக் குளிரில் சீமெந்து மெதுவாகவே இறுகும், இன்னும் சில நாள் கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கல்லை நீரில் ஒரு நாள் ஊறவிட்டு விளிம்பைப் பெருவிரலால் அழுத்துங்கள். உதிர்ந்தால் அந்தத் தொகுதி சுவருக்கு ஆகாது.

சுவருக்குக் கருங்கல் அத்திவாரம், தரைக்கு மேல் 450 மில்லிமீற்றர் பீடம், 600 மில்லிமீற்றர் கூரை நீட்டம் வேண்டும். வெளிப்பூச்சுக்கு 1:3 சீமெந்துச் சாந்து போட்டால் தகடாகக் கழன்றுவிடும். சீமெந்து, சுண்ணாம்பு, மணல் 1:1:6 போதும்.

மண்ணுக்காக மலையை வெட்டாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மூடிய மண்சரிவு நம் எல்லோருக்கும் தெரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அனுமதித்த இடத்தில், வீட்டுத் தளத்துக்கு எப்படியும் வெட்ட வேண்டிய மண்ணை மட்டும் எடுங்கள்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனம் கேட்கவில்லை. கூரைத் தகடு செய்யப் பாவிக்கும் அஸ்பெஸ்டஸ் நாரின் இறக்குமதியை 2018 தொடக்கத்திலிருந்து கட்டுப்படுத்த இலங்கை முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில், பொதியில் வண்டு இருந்ததென்று ரஷ்யா நமது தேயிலையைத் தடைசெய்தது. அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடும் அதுதான். சில நாட்களிலேயே நமது கட்டுப்பாடு தள்ளிப்போனது, அவர்களின் தடையும் நீங்கியது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்களில் எத்தனையோ பேர் அந்தத் தகட்டின் கீழேதான் படுத்துறங்குகிறார்கள். நுரையீரலைக் கெடுக்கும் நாரைப் பற்றிய பேச்சில் அவர்களைக் கேட்டவர் யாருமில்லை.

மாற்றுக் கூரை கிடைக்கும்வரை அந்தத் தகட்டில் பிடித்த பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், கிரைண்டரால் வெட்டாதீர்கள். கழற்ற வேண்டி வந்தால் முதலில் நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுத் தகடாக இறக்குங்கள்.